மாமனார் வாயில் வந்த வாக்கு

எனக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒன்று சொன்னேன்.

"ஆப்பரேஷன் முடிஞ்சி கண்ணு முழிச்சி நான் என்னத்த சொன்னாலும் நம்பாத. உன் புருஷன் என் கழுத்த நெரிக்க வந்தாருன்னு சொன்னாலும் நம்பாத. நீ என் நகையத் திருடிட்டேன்னு சொன்னாலும் நம்பாத. புத்தி தெளிஞ்சப்புறம் நான் சொல்றத மட்டும் கேளு."

மகள் சிரித்தாள். "இப்ப நீங்க சொல்றதையே யாரு கேக்குறா மா," என்றாள்.

அவளுக்குத் தெரியாது. அது நடந்தபோது அவள் சின்னப் பிள்ளை. நானும் அவளிடம் சொன்னதில்லை. அப்பாவைப் பற்றியும் தாத்தாவைப் பற்றியும் பிள்ளைக்கு நல்ல நினைப்பு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது இரண்டு பேரும் இல்லை. நான் மட்டும் எதற்காக வாயை மூடிக்கொண்டு சாக வேண்டும்?

இப்போதைய டாக்டர்கள் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். வயதானவர்களுக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சில நாள் புத்தி தடுமாறும், ஆளைத் தெரியாது, இல்லாதது தெரியும், வீட்டு ஆட்கள் பயப்படக்கூடாது என்று என் டாக்டர் சொன்னார். மழை வரலாம், குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதற்கு ரத்தத்தில் ஏதாவது அறிகுறி கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறார்களாம். தேடட்டும். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

என் மாமனார் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில்தான் பிள்ளைகளை வளர்த்தார். மாமியார் அங்கேயே இறந்துவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கிள்ளானில் எங்களோடு வந்து இருந்தார். ஆனாலும் வெள்ளிக்கிழமையானால் பஸ் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போய்விடுவார். கோட்டர்ஸுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டி, ஒரு மரத்தடியில் சின்னதாக ஒரு முனீஸ்வரர் கோயில். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, ஒரு வேல், சுருட்டு வைக்க ஒரு தட்டு. அங்கே சாமி ஆடுகிறவர் என் மாமனார்தான்.

வீட்டில் அவர் பேசினால் அதிசயம். "கோப்பி இருக்காம்மா", "மழ வருது, துணிய எடு", அவ்வளவுதான். சாமி வந்துவிட்டால் வேறு ஆள். கண் விரியும், கழுத்து நரம்பு புடைக்கும், குரல் அடித்தொண்டையிலிருந்து வரும். காஜாங், பூச்சோங் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் சாமி பார்க்க வருவார்கள். யார் வீட்டில் சங்கிலி காணாமல் போனது, அதை யார் எடுத்தது, யார் யாருக்கு என்ன செய்வினை வைத்தார்கள் என்று எல்லாம் அவர் வாயில் வரும். அவர் கை நீட்டிக் காட்டிய ஆளை அதற்குப் பிறகு யாரும் வீட்டுக்குள் சேர்த்தது கிடையாது. ஒரு தடவை ஓர் அண்ணனைப் பார்த்து, "உன் கூடப் பொறந்தவன்தான்டா," என்றார். அந்த அண்ணன் தம்பி கடைசி வரை பேசிக்கொள்ளவில்லை. நானும் கை கட்டி, தலை குனிந்து, அதையெல்லாம் நம்பி நின்றவள்தான்.

சாமி மலையேறியதும் அவர் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார். "என்ன சொன்னேன்? எனக்கு ஒண்ணும் தெரியாது. வாயி என்னுது, வாக்கு என்னுதில்ல," என்பார். ஜனங்களுக்கு அதில்தான் இன்னும் நம்பிக்கை கூடும்.

சாமி ஆடுகிறவர் வீடு என்பதால் திருவிழாப் படையல் எங்கள் வீட்டு அடுப்பில்தான் வேகும். மாமியார் போன பிறகு அது என் கைக்கு வந்தது. நான் மேரு பக்கம் ஒரு தோட்டத்தில், வேலையாட்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். ரயில்வே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டபோது என் நாத்தனாருக்கு, அதாவது என் கணவரின் அக்காவுக்கு, அது பெரிய இறக்கமாகப் பட்டது. "தோட்டத்துப் பொண்ணு" என்று என் காதில் விழும்படிதான் சொல்லுவார். ஆனால் படையலுக்கு நான் சமைத்த கோழிக் குழம்பைச் சாப்பிட்ட கோயில் தலைவர், இந்தக் கை யாருக்கு வரும் என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அந்த வீட்டில் எனக்கு இருந்த மரியாதை அவ்வளவும் அந்த அடுப்பிலிருந்து வந்தது. எனக்கு வேறு எதுவும் கிடையாது. ஷா ஆலம் பேக்டரி வேலையையும் மாமனாரைப் பார்த்துக்கொள்ளத்தான் விட்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் குளியலறையில் அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பார்த்தபோது நன்றாகவே இருந்தார். பிள்ளைக்கு ஸ்கூல் இல்லையா என்று கேட்டார், வலி இருக்கிறது என்றார், நான் ஊட்டிய கஞ்சியில் பாதியைக் குடித்தார்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் நானும் கணவரும் நாத்தனாரும் சேர்ந்து போனோம். காஜாங்கிலிருந்து நாத்தனார் வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வார்டில் நுழைந்ததுமே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மாமனார் போர்வையின் ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்து யாரையோ ஒதுங்கச் சொன்னார். நான் கேரியரைத் திறந்து கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, "மாமா, கொஞ்சம் குடிங்க," என்று பக்கத்தில் போனேன்.

கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "புழு," என்றார். "நெளியுது பாரு."

"புழு இல்ல மாமா. சோறு."

என் கையைத் தட்டிவிட்டார். கஞ்சி என் சேலையிலும் தரையிலும் கொட்டியது. கண் விரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அந்த அடித்தொண்டைக் குரல் வந்தது. "டேய், நான் காவக்காரன் முனி பேசறேன்டா. இந்த ஒடம்புக்கு மருந்து வெச்சிட்டாங்கடா."

சோற்றில் மருந்து வைப்பது என்றால் எங்கள் ஜனங்களுக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆளை மெல்ல மெல்ல உருக்கிக் கொல்ல வைப்பது அது. நாத்தனார் அப்படியே செருப்பைக் கழற்றிவிட்டார். கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் நின்று கையைக் கூப்பினார். இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம், கோயிலில் கேட்பது போலவே கேட்டார்.

"யாரு சாமி? யாரு வெச்சது? ஆளக் காட்டு சாமி."

டிரிப் ஊசி குத்தியிருந்த கையை அவர் தூக்கினார். கை ஆடியது. என்னைக் காட்டியது. வேறு யாரைக் காட்டும்? கிண்ணத்தோடு எதிரில் நின்றவள் நான்தான். நாத்தனார் கட்டிலுக்கு எந்தப் பக்கம் நின்றார் என்று பார்த்தால், தலைமாட்டுக்குப் பின்னால், அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். நான் அந்த இடத்தில் நின்று அவர் இங்கே நின்றிருந்தால் வாக்கு யார் மேல் விழுந்திருக்கும் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

நாத்தனார் கைப்பையிலிருந்து கற்பூரத்தை எடுத்துவிட்டார். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ் ஓடிவந்து, "ஆன்டி, இங்க ஆக்சிஜன் இருக்கு, நெருப்பு வெக்காதீங்க," என்று பிடுங்கிக்கொண்டு போனாள். கற்பூரம்தான் போனது. திருநீறு பூசினார், தலையணைக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கொட்டிய கஞ்சியை நான் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வார்டு டாக்டர் இளவயசுக்காரர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். மறுநாள் எங்களை நிற்க வைத்துச் சொன்னார். "பயப்பிடாதேங்கோ. வயசானாக்களுக்கு ஆப்பரேஷனுக்குப் பிறகு இப்பிடி வாறதுதான். ரத்தத்தில உப்புக் குறைஞ்சிட்டுது. சிறுநீரில கிருமியும் இருக்கு. ரெண்டும் சேர்ந்து மூளையைக் குழப்புது. உப்பு ஏற, கிருமி போக, தெளிஞ்சிடுவார்."

எனக்கு உயிர் வந்தது. ரத்தத்தில் இருக்கிறது என்று ஒரு டாக்டரே சொல்லிவிட்டார், இனி என்ன என்று நினைத்தேன்.

வராந்தாவுக்கு வந்ததும் நாத்தனார் தம்பியைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியா? உப்பு கொறைஞ்சி போச்சாம். அப்பாவுக்கு உப்பில்லாம சமைச்சிப் போட்டது யாரு? டாக்டரே சொல்லிட்டாரு லா."

ரத்தக் கொதிப்புக்கு உப்பைக் குறைக்கச் சொன்னது கிளினிக். அந்த நாத்தனாரே போன தீபாவளிக்கு வந்து, "அப்பாவுக்கு உப்பக் கொறச்சிப் போடு," என்று எனக்குப் பாடம் எடுத்தார். அதெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம்? நான் திரும்பி ஓடி டாக்டரைப் பிடித்தேன். சாப்பாட்டு உப்பால் வந்ததில்லை, அறுவைச் சிகிச்சையும் டிரிப் தண்ணீரும் அவர் சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரையும் சேர்ந்து செய்தது என்றார். "அத எங்க அண்ணிகிட்ட சொல்லுங்க டாக்டர்," என்றேன். அவர் வந்து சொன்னார். நாத்தனார் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அவர் போனதும், "யாழ்ப்பாணத்து ஆளு. நம்ம சாமியப் பத்தி அவருக்கு என்ன தெரியும்," என்றார்.

அந்த வாரம் என் மாமனார் வாயில் வராதது இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனப் பெரியவரை, செத்துப்போன தன் தம்பி என்று நினைத்து, சாப்பிட்டாயா என்று தமிழில் கேட்டார். அந்த மனுஷனும் பாவம், தலையை ஆட்டினார். கூரையில் சிரம்பான் ரயில் வண்டி போகிறது என்றார். மிஸ்ஸியைப் பார்த்து டிக்கெட் வாங்கிவிட்டேன் என்றார். நாத்தனாரைப் பார்த்தே, "நீ யாரு? என் மக செத்துப் போயி எத்தன வருஷமாச்சு," என்றார். அதற்கு நாத்தனார் என்ன சொன்னார் தெரியுமா? "அப்பாவுக்கு ஆப்பரேஷன் மயக்கம் இன்னும் தெளியல," என்றார்.

எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போல இருந்தது. அதே ஆள், அதே வாய், அதே வாரம். நாத்தனாரைச் செத்துப்போனவள் என்றால் மயக்கம். என்னை மருந்து வைத்தவள் என்றால் சாமி. இதை என் கணவரிடம் சொன்னேன். "கத்தாத. ஆஸ்பத்திரி," என்றார்.

கோயில் தலைவரும் ஒரு நாள் வந்தார். பழம் கொண்டுவந்து வைத்துவிட்டு, ரயில்வே கோயில் நிலத்தை எடுத்துவிடுமா என்று கட்டில் ஓரத்தில் பணிந்து கேட்டார். "வண்டி வருது, ஒதுங்கு," என்றார் மாமனார். போதாதா? கோயிலைத் தண்டவாளத்திலிருந்து கொஞ்சம் தள்ளிக் கட்ட வேண்டும் என்று தலைவரும் நாத்தனாரும் அங்கேயே திட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அன்று சிரித்திருக்க வேண்டும். போகும்போது தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாத்தனார் அவரிடம் சொல்லியிருந்தார். இந்தக் கை யாருக்கு வரும் என்று சொன்ன அதே மனிதர், நான் நீட்டிய பேக்கட் பானத்தை வேண்டாம் என்று கை காட்டிவிட்டுப் போனார்.

டாக்டரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ரத்தத்துல ஏதாச்சும் டெஸ்ட் இருக்கா டாக்டர், பேசினது அவரு இல்லன்னு காட்டறதுக்கு?"

"உப்பு எவ்வளவு எண்டு காட்டும் அக்கா. கிருமி இருக்கோ எண்டு காட்டும். கதைச்சது ஆளோ நோயோ எண்டு காட்ட ரத்தத்தில ஒண்டும் இல்லை," என்றார்.

உப்பு ஏறியது. கிருமி அடங்கியது. ஒரு காலை நான் போனபோது மாமனார் சாய்ந்து உட்கார்ந்து, முகச்சவரம் செய்துகொள்ள வேண்டும் என்று தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா. கஞ்சி இருக்கா? இங்க குடுக்கறது வாயில வெக்க முடியல," என்றார். முழுக் கிண்ணத்தையும் குடித்தார். எனக்கு அழுகை வந்தது. தலையணைக்கடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் காட்டி, இது என்ன என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. என் கஷ்டம் முடிந்தது என்று நான் முட்டாள்தனமாக நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் அடுப்படி என்னுடையதில்லை. நாத்தனார் அங்கே நின்றார். அவருக்குக் கணவர் இல்லை, பிள்ளைகள் பெரியவர்கள், அப்பாவைப் பார்த்துக்கொள்ள இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றார். அப்பாவுக்கு அவர்தான் சமைத்தார். பிறகு என் பிள்ளைக்கும் அவரே ஸ்கூல் சாப்பாடு கட்டினார். என் கணவர் வேலை முடிந்து தமிழ் முஸ்லிம் ஆட்களின் மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, பசியில்லை என்று வந்து படுத்தார். நான் சமைத்ததை நான் மட்டும் சாப்பிட்டேன். தீபாவளிக்கு அக்கம்பக்கத்துக்குத் தட்டில் முறுக்கு கொடுத்தனுப்பினேன். பின்வீட்டு அக்கா வாங்கிக்கொண்டு சிரித்தார். மறுநாள் அவர் வீட்டுக் குப்பைத் தொட்டியில் என் முறுக்கைக் காக்கை கொத்திக்கொண்டிருந்தது.

கணவரிடம் சண்டை போட்டேன். "நான் வெச்சேன்னு நீங்க நெனைக்கிறீங்களா?"

"சே. எனக்குத் தெரியாதா உன்ன."

"அப்ப என் சோத்த ஏன் சாப்பிட மாட்டேங்கிறீங்க?"

அவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "அக்காகிட்ட யாரு லா பேசி ஜெயிக்கிறது. நாளாவட்டத்துல எல்லாம் சரியாயிடும்," என்றார். நாளாவட்டத்தில் எதுவும் சரியாகாது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். சரியாக்க முடிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் முன்னறையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். தான் பேசியது நோய் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இடுப்பைக் காட்ட மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. நாத்தனாருக்கு அன்று காய்ச்சல், நான்தான் கூட்டிப் போனேன். அதே யாழ்ப்பாணத்து டாக்டரைத் தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் மாமனாரிடம் சொல்லச் சொன்னேன். அவர் பொறுமையாகச் சொன்னார். நீங்கள் புழுவைப் பார்த்தீர்கள், ரயிலைப் பார்த்தீர்கள், மருமகள் மருந்து வைத்தாள் என்றீர்கள், அது ரத்தத்து உப்பும் கிருமியும் செய்த வேலை, நீங்களும் இல்லை, சாமியும் இல்லை என்றார். மாமனார் முழுவதும் கேட்டார்.

மருந்து வாங்க நம்பர் எடுத்துவிட்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே சொன்னார். "நீ ஒண்ணும் வெக்கல. எனக்குத் தெரியும்."

"அத வீட்டுல சொல்லுங்க மாமா. எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் பேசினார்.

"சொல்லிருவேன் மா. சொன்னா, அப்புறம் கோயில்ல நான் சொன்னதெல்லாம் என்னன்னு கேப்பாங்க. எவ்வளவு பேரு நான் சொன்னேன்னு கூடப் பொறந்தவனையே வெரட்டி விட்டிருக்காங்க. அதுவும் உப்பு கொறைஞ்சி சொன்னதான்னு ஒருத்தன் வந்து கேட்டா, நான் என்ன பதில் சொல்றது?"

அந்த அண்ணன் தம்பியை நினைத்துக்கொண்டுதான் பேசுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அவர் கண்ணில் பயம் இருந்தது. அதுவரை நான் அவர் முகத்தில் பயத்தைப் பார்த்ததே இல்லை.

"அப்ப நான் மாமா?"

"நீ வீட்டுப் பொண்ணு. நீ பொறுத்துக்கலாம்," என்றார்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஒருவர் இப்படிச் சொல்ல முடியும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். புத்தி தடுமாறியபோது சொன்னது எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நோய். பெஞ்சில் உட்கார்ந்து சொன்னது நோய் இல்லை. ரத்தத்தில் உப்பு சரியாக இருந்தது, சற்றுமுன் டாக்டரே பார்த்துச் சொல்லியிருந்தார்.

அந்த வருடத் திருவிழா நெருங்கியதும் கோயில் ஆட்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். படையல் யார் சமைப்பது என்ற பேச்சு வந்தது. என் கணவர், அதிசயமாக, "எப்பவும் போல அவளே செய்யட்டுமே," என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரைப் பல விஷயங்களில் மன்னித்திருக்கிறேன். உடனே நாத்தனார் அப்பா பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் இருக்காங்க, நேரா கேட்டுருவோம். அப்பா, அன்னிக்கு வார்டுல பேசினது நீங்களா, சாமியா?"

நான் அடுப்படி வாசலில் நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு கைத்தடியைப் பார்த்துக்கொண்டு, கோயிலில் எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. வாயி என்னுது, வாக்கு என்னுதில்ல."

தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த வருடம் படையலை நாத்தனார் சமைத்தார். அதற்குப் பிறகு எல்லா வருடமும் அவர்தான் சமைத்தார். மாமனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மறுபடி சாமி ஆடினார். முன்பை விடக் கூட்டம் அதிகம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சாமி இறங்கிய ஆள் என்று பேர் ஆகிவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. நாத்தனார் காலையில் காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்புவார். வாசல் கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் கைத்தடி டக் டக் என்று அடுப்படிக்கு வரும். "கஞ்சி இருக்காம்மா?"

முதல் நாள் அந்தப் பானையை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது. நான் நல்லவள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கை நடுங்கிக்கொண்டு நிற்கிற கிழவனுக்குச் சோறு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஊற்றிக் கொடுத்தேன். உட்காராமல், நின்றுகொண்டே, அவசர அவசரமாகக் குடித்தார். மகளின் சமையலில் ருசியில்லை என்றார். குடித்து முடித்ததும் கிண்ணத்தை என்னிடம் தரவில்லை. தானே குழாயடியில் கழுவி, துணியால் துடைத்து, இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்தார். வாழ்நாளில் ஒரு டம்ளர் கழுவியிராத மனிதர். நாத்தனார் திரும்பி வரும்போது முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அதுவே பழக்கமாகிவிட்டது. மத்தியானம் எல்லார் முன்னாலும் நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால்கூடத் தொட மாட்டார். காலையில் என் கஞ்சியைக் குடிப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "மருந்து வெச்சிருந்தா என்ன பண்ணுவீங்க மாமா," என்று கேட்டேன். "நல்லாத்தான் வெச்சிருக்கம்மா," என்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு அடித்தது போல இருந்தது. பழைய இடத்தை எனக்குத் திருப்பித் தராமல், என் கை ருசியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

தொண்ணூறுகள் பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இறந்தார். காலையில் வழக்கம் போல அடுப்படிக்கு வந்து குடித்தார், கிண்ணத்தைக் கழுவி வைத்தார், கோயிலுக்குக் கிளம்பச் சட்டை மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாத்தனார் பாசாரிலிருந்து வந்துதான் பார்த்தார்.

பிரிக்பீல்ட்ஸ், காஜாங், பூச்சோங் என்று எங்கும் இருந்து ஜனம் வந்தது. வாசலில் கூடாரம் போட்டு, நாற்காலி போட்டு, பறை வைத்துப் பெரிய சாவாகவே எடுத்தார்கள். குளிப்பாட்டிக் கிடத்தி, தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். வாய்க்கரிசிக்கு நேரமானதும் கோயில் தலைவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மகன் போட்டார். மகள் போட்டார். "மருமக வாங்க," என்று யாரோ பெரியவர் கூப்பிட்டார். அவருக்கு விஷயம் தெரியாது போல. நான் தட்டிலிருந்து அரிசியை அள்ளிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனேன்.

நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ வேணாம்," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. "உன் கையால எங்க அப்பா வாய்க்கு எதுவும் வேணாம்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். தலைவர் வேறு யாரையோ கூப்பிட்டார். காலையில் அந்த வாய்க்குள் போனது என் கையால் போனது என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியிருந்தால்? இறந்தவர் கடைசியாகக் குடித்தது என் கஞ்சி என்று அத்தனை ஜனத்துக்கும் நானே சொன்னதாகியிருக்கும். பிறகு என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அரிசியைத் தட்டிலேயே போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. தாடையில் கட்டு இறுக்கமாக இருந்தது.